காசிமேட்டு வாசகருக்கு எந்த நூலகம் பொறுப்பு?

இராயபுரம் சூரியநாராயண செட்டித் தெருவில் மத்திய அரசின் மீன்பிடிப் பயிற்சி நிறுவனம் ஒன்று இயங்குகிறது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ‘சிஃப்நெட்’டின் சென்னைப் பிரிவு அது, 1968-இல் தொடங்கப்பட்டது. சற்றுத் தள்ளி மீன்பிடித் துறைமுகம். அந்த வளாகத்துக்குள்ளேயே இந்திய மீன்வள அளவாய்வு நிறுவனத்தின் சென்னைத் தளம் இருக்கிறது. எஞ்சின், வலை, கடலடித் தரை, எந்தப் பருவத்தில் எந்த ஆழத்தில் எந்த மீன் கிடைக்கும் என்று கடல் தொழிலைப் பற்றிப் பாடமாகவும் அறிக்கையாகவும் சேர்ந்திருக்கும் அறிவு இந்த இரண்டு வாசல்களுக்குள்ளும் உண்டு. இன்னும் கொஞ்சம் நடந்தால் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் கல்லூரி, பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி. இராயபுரம், தண்டையார்பேட்டை வட்டாரத்தில் நூலக ஆணைக்குழுவின் கிளை நூலகங்கள். மாநகராட்சிப் பள்ளிகள், உதவி பெறும் பள்ளிகள். கட்சிக் கொடிக்கம்பத்தை ஒட்டிய படிப்பகங்கள்.

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு லாஞ்சில் ஏறப்போகிறான் ஒரு காசிமேட்டுப் பையன். கூப்பிடு தூரத்தில், பத்தாம் வகுப்புத் தகுதியோடு சேரக்கூடிய கலம் செலுத்தும் பயிற்சியும் கடல்சார் ஃபிட்டர் பயிற்சியும் இருக்கின்றன என்று அவனுக்குச் சொல்வது இத்தனை இடங்களில் எதன் வேலை? பள்ளி நூலகம் அவன் பள்ளியை விட்டதோடு கைகழுவிவிடுகிறது. கிளை நூலகத்துக்குப் பக்கத்துத் தெருப் பயிற்சி நிலையத்தோடு பேச்சுவார்த்தை கிடையாது. பயிற்சி நிலையத்தின் நூலகம் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவருக்கானது. ஒவ்வொரு நூலகமும் தன் கடமையைச் சரியாகவே செய்கிறது. பையன் மட்டும் எவர் கணக்கிலும் வரவில்லை.

வெவ்வேறு வகை நூலகங்கள் கைகோத்து ஒரு வட்டாரத்துக்கு உழைப்பது பற்றி உலகம் முழுக்க நிறையப் பேசப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டிலும் முயற்சிகளுக்குக் குறைவில்லை. அந்த முயற்சிகள் யாருக்காக நடந்தன, எங்கே நின்றுபோயின, வடசென்னைக் கடற்கரையில் அவற்றுக்கு இனி என்ன வேலை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல துறைகள், ஒரு தெரு

முதலில் நிர்வாக வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். சிக்கலின் பாதி அதிலேயே இருக்கிறது.

கிளை நூலகம் பொது நூலக இயக்ககத்தின் கீழ் வருகிறது. இயக்ககம் பள்ளிக் கல்வித் துறைக்குள் அடக்கம். நகரின் நூலக ஆணைக்குழுவுக்குப் பணம் வருவது நூலக வரியிலிருந்து. சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. அதை வசூலிப்பது மாநகராட்சி, செலவிடுவது ஆணைக்குழு. வசூலான வரியை உள்ளாட்சி அமைப்புகள் உரிய காலத்தில் ஆணைக்குழுக்களுக்கு அனுப்புவதில்லை என்பது நூலக வட்டாரங்களின் பழைய குறை. மாநகராட்சிப் பள்ளியின் நூலகத்துக்கு மாநகராட்சியே பொறுப்பு. கல்லூரி நூலகம் உயர்கல்வித் துறையில், ஸ்டான்லி நூலகம் மருத்துவக் கல்வியில், சிஃப்நெட்டும் மீன்வள அளவாய்வு நிறுவனமும் மத்திய மீன்வளத் துறையில். படிப்பகத்துக்கு அரசுத் துறை எதுவும் இல்லை. பகுதியிலுள்ள நான்கு பேரின் மனமும் மாதச் சந்தாவும்தான்.

துறைகள் பிரிந்திருப்பது குற்றமல்ல. ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே ஊரில் இரண்டு நூலகங்களைத் திறக்கும்போதுதான் நட்டம் தெரிகிறது. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழகத்தின் ஊராட்சிகள்தோறும் நூலகக் கட்டடங்கள் எழும்பின. அவை ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பில் இருந்தன. பொது நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகம் ஏற்கெனவே இருந்த ஊர்களிலும் இன்னொன்று வந்தது. ஒன்றில் நூலகர் உண்டு, இடம் போதாது. இன்னொன்றில் கட்டடம் உண்டு, முறையான நூலகர் இல்லை. பல ஊர்களில் இரண்டாவது கட்டடத்தில் பூட்டுத்தான் நிரந்தரமானது. அந்தப் புத்தகங்களையும் இந்த நூலகரையும் ஒரே கூரைக்குள் கொண்டுவர ஒரு சுற்றறிக்கை போதுமானதாக இருந்திருக்கும். எழுத வேண்டிய துறைகள் இரண்டு என்பதால் அது எளிதில் எழுதப்படுவதில்லை.

இதையொட்டி, நூலக விவாதங்களில் அதிகம் அடிபடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பொது நூலகங்களுக்குப் புத்தகங்கள் பெரும்பாலும் மையமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மொத்தமாக வாங்கப்பட்டு, கிளைகளுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. அதனால் இராயபுரத்து அலமாரியும் திருவொற்றியூர் அலமாரியும் ஏறத்தாழ ஒரே முகத்தோடு இருக்கின்றன. இரண்டு கிளை நூலகங்கள் தமக்குள் புத்தகம் மாற்றிக்கொள்வதால் வாசகருக்குப் புதிதாகக் கிடைப்பது கொஞ்சமே. இங்கே இல்லாதது அங்கே இருக்க வேண்டுமானால் அந்த நூலகம் வேறு வகையினதாக இருக்க வேண்டும். கிளை நூலகத்துக்குச் சிஃப்நெட்டும், சிஃப்நெட்டுக்குப் படிப்பகமும், படிப்பகத்துக்குக் கல்லூரியும் தேவைப்படுவது இதனால்தான். வகை கடந்த கூட்டுறவை நான் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் நல்லெண்ணம் அன்று. நம் கொள்முதல் முறை.

சட்டம் கண்ட கனவு

இந்த மாநிலத்துக்குக் கூட்டுறவு இரவல் கருத்தன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன், பல்கலைக்கழக மதிலுக்குள் அடங்கியவர் அல்லர். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1930-இல் பனாரஸில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலக மசோதாவை அவர் முன்வைத்தார். 1931-இல் நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் நூலாக வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் கிராமங்களுக்குப் புறப்பட்டது. பல்கலைக்கழக நூலகர், ஊர்ப் பெரியவர்கள், வண்டி மாடு மூன்றும் ஒரே காரியத்தில் சேர்ந்திருந்த காலம் அது.

1948-இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அப்போது கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார். நூலக வரிக்காகவே இந்தச் சட்டத்தை எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். அதில் இன்னொரு வாசலும் இருக்கிறது. அரசோ நூலக நிதியோ உதவி தரத் தகுந்தது என்று இயக்குநர் அறிவிக்கும் தனியார் நூலகத்தை ‘உதவி பெறும் நூலகம்’ என்று சட்டம் ஏற்கிறது. சொற்பொழிவுகள், வகுப்புகள் நடத்தவும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் தருகிறது. அதாவது தெருமுனைப் படிப்பகமும் அரசு நூலகமும் ஒரே குடும்பமாக இயங்கலாம் என்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது. வரிப் பிரிவு ஓயாமல் உழைத்தது. இந்தப் பிரிவு உறங்கிவிட்டது.

வடசென்னைக்கு இந்த உறக்கம் பெரிய இழப்பு. இங்கே வாசிப்பு அரசு நூலகத்தில் பிறக்கவில்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குப் பின்னணியில் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் நடத்திவந்த ஒரு சபை இருந்தது. ஆலைத் தொழிலாளர்கள் பக்திச் சொற்பொழிவு கேட்கக் கூடிய அந்த இடம்தான் தொழிற்சங்கத் தலைவர்களான வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய இடமாயிற்று. மீனவக் குலத்தில் பிறந்து, 1923-இல் இந்த நகரின் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர், தம் வீட்டு நூலகத்தால் ஒரு தலைமுறைச் சிந்தனையாளர்களுக்கு ஆசானாக இருந்தார். 1952-இல் வண்ணாரப்பேட்டை சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஜீவானந்தம் மேடையையே வாசிப்பறை ஆக்கியவர். திராவிட இயக்கப் படிப்பகங்கள், தொழிற்சங்க வாசிப்பறைகள், அம்பேத்கர் பெயரிலான இரவுப் பாடசாலைகள், தேவாலயத்து நூலகங்கள் என்று நாளிதழைச் சத்தம் போட்டு வாசித்து, எழுத்தறியாதவரையும் வாசகராக்கிய மரபு இது. இன்றும் காசிமேட்டில் ஒரு நூலகர் துணை தேடுவாரானால், அரசு அலுவலகத்துக்கு முன் அவர் போக வேண்டிய இடம் தெருமுனையில்தான்.

நகரின் பெருநூலகங்களோ எழும்பூரிலிருந்து தெற்கு நோக்கியே விரிந்தன. 1896-இல் திறந்த கன்னிமாரா எழும்பூரில். உ.வே.சா. நூலகம் பெசன்ட் நகரில், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில், 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்தில். ஜார்ஜ் டவுனின் லிங்கிச் செட்டித் தெருவில் 1958 முதல் இருந்த மறைமலையடிகள் நூலகம்கூடப் பின்னாளில் கன்னிமாரா வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. நூல்களின் பாதுகாப்புக்கு அது நல்ல முடிவு, மறுக்கவில்லை. வடக்கே இருந்த ஓர் ஆய்வு நூலகம் போய்விட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வலையமைப்புகள் யாருக்குப் பின்னப்பட்டன?

கணினி வந்தபின் நூலகக் கூட்டுறவு என்ற எண்ணம் புத்துயிர் பெற்றது. அறிவியல் தகவலுக்கான தேசியத் திட்டமான ‘நிஸ்ஸாட்’ 1977-இல் தொடங்கியது. கல்கத்தாவிலும் டெல்லியிலும் நகர நூலக வலையமைப்புகள் வந்தன. 1993-இல் சென்னைக்கு ‘மாலிப்நெட்’ வந்தது. சென்னையின் ஆய்வு நிறுவனங்கள் எந்த ஆய்விதழை வாங்குகின்றன, அதில் என்ன கட்டுரை வந்திருக்கிறது என்று ஒரே இடத்தில் தேடலாம். வேண்டிய கட்டுரைக்குப் படி எடுத்துக் கேட்கலாம். விலையுயர்ந்த இதழை நகரத்தில் நான்கு நூலகங்கள் வாங்குவதற்குப் பதில் ஒன்று வாங்கினால் போதும் என்பது கணக்கு. நல்ல கணக்குத்தான். நிஸ்ஸாட் 2002-இல் முடிவுக்கு வந்தபோது இத்தகைய நகர வலையமைப்புகளின் முதுகெலும்பே தளர்ந்தது. டெல்லியின் டெல்நெட் உறுப்பினர் கட்டணத்தில் தன் காலில் நின்று நாடு முழுக்கப் பரவியது. பல்கலைக்கழகங்களுக்கு இன்ஃப்ளிப்நெட் வந்தது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

இவை எல்லாம் சாதனைகள். ஆனால் 1977 முதல் 2024 வரை இந்த வலையமைப்புகள் அனைத்தும் ஒரே வாசகரைத்தான் மனத்தில் வைத்திருந்தன: நிறுவனத்தின் அடையாள அட்டை வைத்திருப்பவரை. பாரதி மகளிர் கல்லூரி மாணவி படிப்பு முடித்து வெளியேறும் நாளில் ஆய்விதழ்களும் அவர் கைவிட்டுப் போகின்றன. அவருடைய வரிப்பணத்திலும் வாங்கிய இதழ்கள்தாம் அவை. அந்த மாணவி மறுநாள் போகக்கூடிய கிளை நூலகத்தை ‘ஒரே சந்தா’த் திட்டம் கணக்கில் எடுக்கவில்லை. கிளை நூலகத்தில் ஒரே ஒரு கணினியிலாவது இந்த இதழ்களை அங்கேயே உட்கார்ந்து வாசிக்க அனுமதி வேண்டும் என்று அடுத்த ஒப்பந்தத்தில் கேட்பது நியாயமான கோரிக்கை.

காசு கொடுக்காமலே கிடைப்பதும் நிறைய உண்டு; அதையும் யாரோ ஒருவர் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் ஆய்வுகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. சென்னையிலிருந்தே இயங்கும் வங்காள விரிகுடாத் திட்டம் 1979 முதல் சிறு மீனவர்களின் படகு, வலை, பெண் வியாபாரிகளின் நிலை பற்றி வெளியிட்ட அறிக்கைகள் ஏராளம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998 முதல் தன்னார்வலர் உழைப்பில் வளர்ந்த மதுரைத் திட்டம், தேசிய மின்னூலகம் எல்லாம் கைப்பேசியிலேயே திறக்கும். மீன்வள அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவை யாருடைய வாழ்வைப் பற்றி எழுதப்பட்டனவோ அவர்கள் கையில் அவை இல்லை.

கடற்கரையின் தேவை

தகவலைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்ததற்குத் தமிழ்க் கடலோரத்திலேயே முன்மாதிரி உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி வட்டாரத்தில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மையத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்தார்கள், தமிழில் எழுதினார்கள், குப்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். தகவல் ஒரு நாட்டினுடையது, கருவி ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தினுடையது, இடமும் ஆளும் ஊருடையவை, குரல் மீனவர் பேசும் தமிழ். வகை கடந்த கூட்டுறவுக்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் சுனாமி எச்சரிக்கை வந்தபோது, ஊரைக் கரையிலிருந்து கிளப்பியது அறிவு மையத்துக்கென வைத்திருந்த அதே ஒலிபெருக்கிதான்.

காசிமேட்டுக்கு இன்று அலை உயரம் கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. தேவைகள் மாறியிருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். எஞ்சின் பிரிப்பு, பலகை மாற்றம், பெயின்ட், வலை பின்னுதல் என்று துறைமுகம் பட்டறையாக மாறும். பள்ளிக் கோடை விடுமுறையும் இதற்குள் வருகிறது. நள்ளிரவு தாண்டியதும் ஏலத்துக்கு விழித்துக்கொள்ளும் ஆண்களும் பெண்களும் ஆண்டு முழுக்க மாலையில் உறங்கப் போகிறவர்கள். இந்த இரண்டு மாதங்கள்தாம் அவர்களுக்கு மனிதர் நேரம். சிஃப்நெட்டின் ஆசிரியர் ஒருவர் எஞ்சின் கையேட்டோடு துறைமுகத்தில் ஒரு வகுப்பு எடுக்கவும், கிளை நூலகம் அந்தக் கையேட்டின் தமிழ்ச் சுருக்கத்தை வைத்திருக்கவும், புதுமனைக்குப்பத்திலும் நாகூரான் தோட்டத்திலும் பிள்ளைகளுக்குப் பள்ளி நூலகப் பெட்டியைத் திறக்கவும் இதைவிடப் பொருத்தமான பருவம் கிடையாது. 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணத்துக்குப் பெயர் விடுபட்டுப்போனவருக்கு எந்த அலுவலகம், என்ன தாள் என்று சொல்வதும் நூலகப் பணியே. அதைச் சிறியது என்று நினைக்கும் நூலகத்துக்கு இந்தக் கரையில் வாசகர் சேர மாட்டார்கள்.

இன்னொரு தேவை இன்னும் கூர்மையானது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றின் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அமோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். ஒவ்வொன்றின் பின்னும் குழு அறிக்கை, பசுமைத் தீர்ப்பாய ஆணை, இழப்பீட்டுப் பட்டியல். எண்ணூர்க் கழிமுகத்தின் எல்லை எதுவரை என்ற தகராறில் 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடமே மையமாக நின்றது. அந்த வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. பொது ஆவணம் ஒன்று பொது நூலகத்தில் சாதாரணமாகக் கிடைத்திருந்தால் எத்தனை ஆண்டு உழைப்பு மிச்சமாகியிருக்கும்!

சட்டமும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, மக்கள் கருத்துக்கேட்புக்கு முன் வரைவு அறிக்கையின் சுருக்கத்தைப் பார்வைக்கு வைக்கக்கூடிய இடங்களில் பொது நூலகங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அலுவலகத்தில் போய்ப் பார்ப்பதற்கும் நூலகத்தில் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. அலுவலகத்தில் எதற்கு, யார் என்று கேட்பார்கள். நூலகத்தில் மேசை இருக்கிறது, மாலை நேரம் இருக்கிறது, அருகில் அகராதி இருக்கிறது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள கிளை நூலகங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு ‘வட்டார ஆவண அலமாரி’ வைக்கலாம். வரைபடம், கருத்துக்கேட்பு அறிக்கை, தீர்ப்பாய ஆணை, துறைமுக அறிவிப்பு எல்லாம் அங்கே. ஆவணங்களைத் திரட்டித் தருவது பல்கலைக்கழக நூலகத்தின் வேலை, ஆங்கிலத்தை எளிய தமிழில் இரண்டு பக்கமாக்குவது கல்லூரி மாணவர்களின் வேலை, மீனவர் பஞ்சாயத்தில் வாசித்துக் காட்டுவது படிப்பகத்தின் வேலை. நூலகம் கட்சி சேர வேண்டியதில்லை. ஆலை தரப்பின் அறிக்கையும் மக்கள் தரப்பின் மறுப்பும் ஒரே அலமாரியில் இருக்கட்டும்.

போட்டித் தேர்வு மாணவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளை நூலகத்தின் நாற்காலிகளை இன்று நிரப்புவதே குரூப்-4 எழுதுபவர்கள்தாம். பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேரோடு இருப்பவருக்கு அமைதியான மேசையே பாதிப் பயிற்சி. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் கொளத்தூரில் ‘முதல்வர் படைப்பகம்’ திறக்கப்பட்டு, படிக்கவும் பகிர்ந்து பணிபுரியவும் இடம் தந்தது. இத்தகைய கட்டடங்கள் இன்னும் வரட்டும். வரும்போது பக்கத்துக் கிளை நூலகத்தின் புத்தகமும் நூலகரின் நேரமும் அங்கே போய்ச் சேர ஏற்பாடு வேண்டும். இல்லாவிட்டால் அண்ணா மறுமலர்ச்சிக் கட்டடங்களின் கதை நகரத்திலும் நடக்கும்.

பிறர் செய்தது

கேரளத்தில் 1945-இல் அம்பலப்புழையில் 47 கிராம நூலகங்களைக் கூட்டி திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கினார் பி.என்.பணிக்கர். அங்கே நூலகங்கள் மக்கள் நடத்துபவை. அரசின் வேலை தரம் பார்த்து மானியம் தருவது. 1989-இன் சட்டத்தின்படி அமைந்த மாநில நூலகக் கவுன்சில் இன்று அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறது. நம் சட்டத்தில் உறங்கும் ‘உதவி பெறும் நூலக’ப் பிரிவு அங்கே முழு மாநிலத்தின் முறையாகவே வளர்ந்திருக்கிறது. கட்சி அரசியல் அந்த நூலகங்களுக்குள்ளும் உண்டு என்பார்கள். இருக்கட்டும். தேர்தல் நடத்தி நிர்வாகக் குழு அமைக்கும் அளவுக்கு மக்கள் ஒரு நூலகத்தைத் தம்முடையதாக நினைப்பது பெரிய செல்வம்.

சிங்கப்பூரில் 1995-இல் அமைந்த தேசிய நூலக வாரியம் ஒரே அட்டையில் எந்தக் கிளையிலும் எடுத்து எந்தக் கிளையிலும் திருப்பித் தரும் வசதியைப் பழக்கமாக்கியது. சிறிய, செல்வமுள்ள நாடு, ஒரே வாரியம். அதை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது.

யாழ்ப்பாணம் தந்தது வேறொரு பாடம். 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் இதழ்களும் அந்தத் தீயோடு போயின. 2005-இல் தொடங்கிய நூலகம் நிறுவனம், தனியார் வீடுகள், பள்ளிகள், சங்கங்கள், பதிப்பாளர்கள் என்று எல்லாரிடமிருந்தும் வாங்கி மின்வடிவாக்கி வருகிறது. அரசின் பெரிய பண ஒதுக்கீட்டோடு பிறந்த திட்டம் அன்று அது. சிறு இதழ், கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர் வரை சேர்ப்பதற்குக் காரணம், ஒரு சமூகத்தின் நினைவு ஒரே கட்டடத்தில் மட்டும் இருக்கக் கூடாது என்ற தெளிவு. காசிமேட்டிலும் தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், மீனவர் சங்கத் தீர்மானங்கள், தேவாலயத் திருவிழா மலர்கள் யார் வீட்டுப் பரணிலோ உப்புக்காற்றில் இற்றுக்கொண்டிருக்கின்றன.

தடையாக நிற்பவை

மென்பொருள் வேறுபாடு ஒரு தடைதான். ஒரு நூலகம் கோஹா, இன்னொன்று சோல், மற்றொன்று இ-கிரந்தாலயா. சிலவற்றில் இன்னும் கையெழுத்துப் பதிவேடு. தமிழ்நாடு அரசு 2010-இல்தான் யூனிகோடை அதிகாரமுறையாக ஏற்றது. அதற்கு முந்தைய தமிழ்ப் பதிவுகள் பல எழுத்துருக்களில் சிதறிக் கிடப்பதால் ஒரே தேடலில் அகப்படுவதில்லை. இருந்தாலும் காசிமேடு அளவிலான கூட்டுறவுக்கு நகரம் தழுவிய கூட்டுப் பட்டியல் முன்நிபந்தனை இல்லை. இராயபுரம் வட்டாரத்தில் எந்த நூலகம் எங்கே, எப்போது திறந்திருக்கும், யாரை உள்ளே விடும், எந்தப் பொருளில் வலுவானது என்று நான்கு பக்கக் கையேடு ஒன்று முதலில் போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலக அறிவியல் மாணவர்கள் களப்பணியாகவே இதை முடித்துவிடலாம். ரங்கநாதன் உழைத்த பல்கலைக்கழகத்துக்கு இது பொருத்தமான வேலையும்கூட.

பெரிய தடை நூலகரின் அச்சம். அதைப் புரிந்துகொள்ளாமல் கூட்டுறவு பற்றி எத்தனை கருத்தரங்கு நடத்தினாலும் பயனில்லை. இருப்புச் சரிபார்ப்பில் புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நூலகர். அதனால்தான் நல்ல நூல்கள் கண்ணாடி பீரோவுக்குள் போகின்றன. வேற்று நிறுவனத்துக்குக் கொடு என்றால் கை நடுங்குகிறது. தனி மனிதரைக் குறைசொல்லிப் பயனில்லை. விதி அப்படிப் பழக்கியிருக்கிறது.

விதி வேறு மாதிரியும் இருக்க முடியும். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215-ஆம் விதி, ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்க்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் தொலைவது இயல்பானதே என்று ஏற்கிறது. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை உண்டு. இந்த விதியின் நுட்பம் கவனிக்கத்தக்கது. சலுகை இருப்பின் அளவுக்கு ஏற்பக் கிடைப்பதில்லை. புழக்கத்தின் அளவுக்கு ஏற்பக் கிடைக்கிறது. அதிகம் கொடுப்பவருக்கே அதிகச் சலுகை. பூட்டி வைப்பவருக்கு எதுவும் இல்லை. துறைமுகத்துக்குள் இருக்கும் மீன்வள அளவாய்வு நிறுவனமும் சூரியநாராயண செட்டித் தெருப் பயிற்சி நிலையமும் மத்திய அரசு அலுவலகங்கள். இரவல் கொடுக்க அங்குள்ள நூலகர் அஞ்ச வேண்டிய அளவு குறைவு. கிளை நூலகருக்கும் இதே பாதுகாப்பைத் தெளிவான அரசாணையாகத் தந்து, பிற நூலகங்கள் வழியாகப் போகும் நூல்களையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் பீரோக்கள் திறக்கத் தொடங்கும்.

அடுத்தது ஆள். கூட்டுறவுக்கான ஒப்பந்தங்கள் இயக்குநர் மட்டத்தில் கையெழுத்தாகி, கோப்பில் தங்கிவிடுவதை நாம் நிறையப் பார்த்தாயிற்று. இராயபுரம் வட்டாரத்துக்கு வாரம் இரண்டு நாள் வெளியே சுற்றுவதையே பணியாகக் கொண்ட ஒரு நூலகர் வேண்டும். ஒரு நாள் பள்ளிகளுக்கும் கல்லூரிக்கும். மறுநாள் துறைமுகம், ஜீவரத்தினம் நகர், சிங்காரவேலன் நகர், படிப்பகங்கள். கிளை நூலகத்தின் வாசகர் வட்டம், வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோகும் நூலக நண்பர்கள் திட்டத்தின் தன்னார்வலர்கள் அவருக்குத் துணை. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத் துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்று அரங்கு வைத்துச் சிறைவாசிகளுக்குப் புத்தகம் கேட்டபோது மக்கள் வாரிக் கொடுத்தார்கள். கேட்பதற்கு ஒருவர் எழுந்து நின்றால் கொடுப்பதற்கு இந்த நகரம் தயங்கியதில்லை.

அந்த நூலகரின் முதல் வேலையாக நான் பரிந்துரைப்பது படிப்பகங்களின் பதிவு. காசிமேடு முதல் திருவொற்றியூர் வரை எத்தனை இயங்குகின்றன, எவை பெயர்ப்பலகை மட்டும், எவற்றில் மாலை ஆறு மணிக்கு விளக்கு எரிகிறது என்று கட்சி பார்க்காமல் எழுத வேண்டும். இயங்குபவற்றில் இரண்டு மூன்றைத் தேர்ந்து, 1948-இன் சட்டம் சொல்லும் ‘உதவி பெறும் நூலக’மாக அறிவிக்குமாறு ஆணைக்குழு வழியாக இயக்குநருக்கு எழுத வேண்டும். உதவி என்பது பெருந்தொகையாக இருக்கத் தேவையில்லை. கிளை நூலகத்திலிருந்து மாதம் ஒரு பெட்டி புத்தகம், இரண்டு நாளிதழ், ஒரு மின்விசிறி, வட்டார ஆவண அலமாரியின் படிகள் போதும். அதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ வேண்டாம். ஏப்ரல் 15-க்கு முன் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் அடுத்த தடைக்காலத்திலேயே தொடங்கிவிடலாம்.